நான் படித்துக் காட்டாத மூன்றாவது வரி

“இருபத்தஞ்சு வாட்டுங்கிறீக. ஆயிரம் வாட்டு ஒரு மணி நேரம் எரிஞ்சா ஒரு யூனிட்டு. அப்ப இது நாப்பது மணி நேரம் எரிஞ்சாத்தான் ஒரு யூனிட்டு. சரியா?”

“சரி ஆச்சி.”

“அந்தி மயங்கினா ஏத்துவேன். சாப்பிட்டு, ஏனத்தைக் கழுவிக் கவுத்தினதும் அமத்திருவேன். நாலு மணி நேரம். பத்து நாளைக்கு ஒரு யூனிட்டு. மாசத்துக்கு மூணு.”

நான் அப்போதுதான் பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் பெருக்கலை ஆரம்பித்திருந்தேன். அழகம்மை ஆச்சி முறத்தில் உளுந்தைப் புடைத்தபடியே விடையைச் சொல்லிவிட்டார்.

“காலேசுல படிச்ச தம்பி, சரியான்னு பாத்துச் சொல்லுங்க” என்றார்.

பெருக்கி முடித்துப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். சரியாகத்தான் இருந்தது.

காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் இரண்டாங்கட்டு அது. சமையலும் சாமான்களுமாக இருக்கும் பின்பகுதி. காலை வெயில் முற்றத்தில் சதுரமாக விழுந்திருந்தது. யாரோ மல்லி வறுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மின்சாரக் கம்பெனியின் ஒயர்மேன் அந்தோணி ஏணிமேல் நின்று, சுவரில் மரச்சட்டம் அடித்துக்கொண்டிருந்தார்.

என் கையில் கம்பெனி அச்சடித்த தாள் இருந்தது. இங்கிலீஷில் மூன்று வரிகள். முதல் வரி, ஒரு யூனிட்டுக்கு என்ன விலை. இரண்டாம் வரி, மீட்டருக்கு மாத வாடகை. இரண்டையும் தமிழில் சொன்னேன். மூன்றாவது வரியின்மேல் என் கட்டைவிரல் இருந்தது.

“இதுக்கு மேல ஏதும் உண்டா?” என்று ஆச்சி கேட்டார்.

“இல்ல ஆச்சி. அம்புட்டுத்தான்.”

ஏணிமேல் சுத்தியல் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

சென்ற வாரம் இந்தத் தொடரில் எனக்கு வேலை கிடைத்த கதையை எழுதினேன். பலர் ரசித்ததாகக் கடிதம் போட்டிருந்தார்கள். வேலை நிலைத்த கதையை எழுதாமல் தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்த வீடு எது என்று சொல்ல மாட்டேன். ஆச்சியின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். என் பெயர் மேலே அச்சாகியிருக்கிறது. அது போதும்.

ரெண்டரைக்கு வகுத்தால்

அந்த ஊர்ச் செட்டியார் வீடுகளின் வழக்கத்தை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பிள்ளைக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் அவனையும் அவன் மனைவியையும் ‘வேறு வைத்து’ விடுவார்கள். வீட்டை விட்டு அனுப்புவது இல்லை. அதே வீட்டில் ஓர் அறையும் ஓர் அடுப்பும் அவர்களுக்குத் தனி. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு புளி, இவ்வளவு விறகு என்று பெரியவர்கள் அளந்து கொடுப்பார்கள். அதற்குள் குடும்பம் நடத்திப் பழக வேண்டும். ஒரே கூரையின்கீழ் நாலைந்து அடுப்பு புகைவதை அங்கே யாரும் சண்டை என்று நினைக்க மாட்டார்கள்.

கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. கோயில் வரியும் வீட்டுப் பொதுச் செலவும் புள்ளிக் கணக்கில்தான் பிரியும். இருவரில் ஒருவர் இறந்துபோனால் மிஞ்சியவர் அரைப்புள்ளி.

அழகம்மை ஆச்சியின் கணவர் மூன்று சகோதரர்களில் நடுவில் பிறந்தவர். பர்மாவில் காய்ச்சலில் இறந்துவிட்டார். மூத்தவர் ஒரு புள்ளி, இளையவர் ஒரு புள்ளி, ஆச்சி அரை. வீட்டுக்குக் கரண்டு வந்தபோது அதற்கான செலவும் அப்படியே பிரிந்தது.

“வீட்டுக்கு மாசம் நாப்பத்தஞ்சு யூனிட்டு ஓடுது தம்பி” என்று ஆச்சி எனக்குக் கணக்குச் சொன்னார். “ரெண்டரைக்கு வகுத்தா புள்ளிக்குப் பதினெட்டு, எனக்குப் பாதி ஒம்பது. நான் எரிக்கிறது மூணு. பாக்கி ஆறு, முகப்புல சுத்துற காத்தாடிக்கு. அந்தக் காத்து இங்குட்டு வாரதில்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆகவே அவருக்குத் தனி மீட்டர் வேண்டும். எரித்ததற்கு மட்டும் கட்டினால் போதும்.

“உங்க ஆபீசு நோட்டுல என் பேரு எப்படி ஏறும்? அரையாவா, முழுசாவா?”

“முழுசாத்தான் ஆச்சி. ஒரு மீட்டருக்கு ஒரு பேரு.”

முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். இந்தப் பதிலுக்குப் பிறகு அவர் வேறெதுவும் கேட்கவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்துச் சந்தோஷப்பட்டேன்.

அரைப்புள்ளி என்றாலும் அவருக்கு அந்தத் தெருவில் ஓர் இடம் இருந்தது. அது அவருடைய மனக்கணக்கால் வந்தது. ஆசாரி நகைக்குச் சேதாரம் சொன்னால் பெண்கள் ஆச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் சம்மதிப்பார்கள். விறகு வண்டி வந்து நின்றால் ஆச்சி சுற்றிவந்து பார்த்து எத்தனை எடை இருக்கும் என்பார். நிறுத்தால் அவ்வளவே இருக்கும்.

ஆச்சியின் மகள் தேனம்மைக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது. கூடத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்தபடி நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வலையபட்டியில் ஒரு பையனை ஆச்சி மனதில் வைத்திருந்தார். சாதாரணக் குடும்பம். பையன் மதுரையில் ஜவுளிக்கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தான். மூத்தவருக்கு அதில் விருப்பமில்லை. பர்மாவில் அவருக்குக் கூட்டாளியாக இருந்த ஒருவர், நாற்பது தாண்டியவர், முதல் மனைவியை இழந்தவர், சீர் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் ஆச்சியின் கணக்குத் திறமை தெரிந்தவர் என்பதால், சம்பந்தப் பேச்சில் ஆச்சியே உட்கார்ந்து பேசட்டும் என்று மூத்தவர் பங்காளிகள் முன்னால் ஒத்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் தலைவிதியைப் பேசும் இடத்தில் தாய்க்கு ஒரு பாய். ஆச்சி சம்பாதித்து வைத்திருந்தது அது ஒன்றுதான். எனக்கு அது அன்றே தெரியும். பேச்சோடு பேச்சாக அவரே சொன்னார்.

எரிச்சாத்தானே எண்ணெய்

இந்த வாரம் பேப்பரைத் திறந்தால் விலைச் செய்திதான். பெட்ரோலும் டீசலும் ஏறிவிட்டன. மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் வரிசை. கரண்டுக் கட்டணமும் ஏறப்போகிறதாம். என் பேரன் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, வீடு பூட்டிக் கிடந்த மாதத்துக்கும் ஏன் பணம் என்று சத்தம் போட்டான்.

“எரிக்காததுக்கு எதுக்குத் தாத்தா காசு?”

பதில் எனக்குத் தெரியும். ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தெரியும். சொல்லாமல் கை கழுவ எழுந்து போய்விட்டேன்.

நாச்சியாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. விவசாயக் குடும்பம். முதல் உலகச் சண்டை நடந்தபோது நான் சின்னப் பையன். மண்ணெண்ணெயை அப்போது சீமெண்ணெய் என்போம். கப்பல் வரவில்லை என்றால் எண்ணெய் வராது. கடைக்காரர் சிலேட்டில் விலையை எழுதி மாட்டியிருப்பார். ஒவ்வொரு சந்தைக்கும் பழைய விலையை எச்சில் தொட்டு அழித்துப் புதிதாக எழுதுவார். எங்கள் வீட்டில் ஒரே ஒரு சிம்னி விளக்கு. அதுதான் அடுப்படிக்கும் தொழுவத்துக்கும் மாறி மாறிப் போகும். விலை ஏறியதும் அம்மா திரியை இறக்கினார். இன்னும் ஏறியதும் பொழுது சாயுமுன்னே சோறு போட்டுவிட்டார்.

சண்டை முடிந்து விலை இறங்கியது. பழைய விலைக்கு மட்டும் அது திரும்பவில்லை. பின்னால் இரண்டு எண்ணெய்க் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வண்டியில் கொண்டுவந்து வீட்டு வாசலிலேயே அளந்து ஊற்றிய காலமும் வந்தது. அப்போது எண்ணெய் சல்லிசு.

விலை எப்படி ஏறி இறங்கினாலும் எண்ணெயில் ஒரு நியாயம் இருந்தது. விளக்கை அமர்த்தினால் செலவு நின்றுவிடும். எங்கள் பக்கத்துப் பெண்கள் குடும்பம் நடத்தக் கற்றதெல்லாம் அந்த நியாயத்தில்தான். எரியாத விளக்குக்கும் பணம் உண்டு என்பது, எவ்வளவு கணக்குத் தெரிந்தவருக்கும், யாராவது சொன்னாலொழியத் தோன்றாது.

மூன்றாவது வரி அதைத்தான் சொன்னது. எரித்தாலும் எரிக்காவிட்டாலும் ஒவ்வொரு மீட்டருக்கும் மாதம் பத்து யூனிட்டின் விலையைக் கட்டியே ஆகவேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு ஒப்பந்தம். இடையில் விலக முடியாது.

கம்பெனியைக் குற்றம் சொல்வதற்கில்லை. எங்கள் எஞ்சினீயர் அதை எனக்கு விளக்கியிருந்தார். “நீ சுவிட்சைப் போட்டாலும் போடாட்டாலும் அங்கே எஞ்சின் ஓடிண்டுதான்யா இருக்கணும். அதுக்கு ஆயில் யார் ஊத்தறது?” அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் சொன்னது சரி. அதை அச்சடித்தும் வைத்திருந்தார்கள். மறைத்தது என் விரல்.

கூட்டு மீட்டரில் ஆச்சி ஒன்பது யூனிட்டுக்குக் கொடுத்துவந்தார். தனி மீட்டரில் பத்துக்குக் கொடுக்க வேண்டும். அதோடு மீட்டர் வாடகை வேறு. இருந்தபடி இருப்பதே நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மோர் கொடுத்து அனுப்பியிருப்பார்.

பத்தொன்பது

நான் ஏன் சொல்லவில்லை?

பர்மாவில் நெல் விலை விழுந்து, காரைக்குடி வீடுகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்த நேரம் அது. சிலர் கரண்டே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். புது இணைப்புப் பிடிக்க நாங்கள் இரண்டு பேர் தற்காலிகமாக இருந்தோம். மாதக் கடைசிக்குள் இருபது இணைப்புச் சேர்ப்பவருக்குத்தான் வேலை என்று எஞ்சினீயர் சொல்லியிருந்தார். என்னிடம் பத்தொன்பது இருந்தது. மாதத்தில் நான்கு நாள் இருந்தது.

என் மாமா, “மாப்ளே, வேலை நெலைக்கட்டும். மத்ததை அப்பறம் பேசுவோம்” என்று தன் மகளை எனக்குக் கொடுப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இன்டர்மீடியட் படித்தவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று ஊரில் பேச்சு.

காரணம் இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் இன்னும் சிறிதாகத் தெரிகிறது.

அன்று வேலை முடிந்து திரும்பும்போது அந்தோணி ஏணியைத் தோளில் மாற்றிக்கொண்டே கேட்டார். “ஏன் சார், அந்தப் பத்து யூனிட்டு சமாச்சாரத்தை ஆச்சிகிட்டச் சொல்லலையே?”

“அப்பறம் சொல்லிக்கலாம்யா.”

“நீங்க எதுக்குச் சிரமப்படுறீக. பில்லு போயிச் சொல்லிரும்.”

ஆபீசு வாசலில்

முதல் பில் போன இரண்டாம் நாள் ஆச்சி வந்தார். வெயிலில் நடந்தே வந்திருந்தார். பணம் கட்டும் ஜன்னலுக்கு வெளியே ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் மூத்தவருடைய கணக்கப்பிள்ளையும் ஒருவர்.

“தம்பி, இதுல பத்துன்னு போட்டிருக்கு. மீட்டருல மூணுதான் ஓடியிருக்கு. நான் தினமும் பாத்துக்கிட்டு வாரேன். எழுதுனவுக கை தவறிப் போட்டுட்டாகபோல.”

என்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. யாரோ எழுதும்போது கை தவறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தார். நான் ஏதோ முணுமுணுத்தேன். அதற்குள் உள்ளிருந்து எஞ்சினீயர் வந்துவிட்டார்.

“என்னம்மா? மினிமம் உண்டுன்னு உங்களுக்குச் சொல்லலையா?”

“அப்படின்னா?”

அவர் விளக்கினார். ஆச்சி ஒரு தரம் கேட்டார். மறுதரம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடி முடிந்ததை நான் பார்த்தேன். பத்து, அதோடு வாடகை, பன்னிரண்டு மாதம்.

எஞ்சினீயர் என் பக்கம் திரும்பினார். “என்னய்யா, சொன்னியா இல்லையா?”

“சொன்னேன் சார். ஆச்சிக்குத்தான்... விளங்கலைபோல.”

வரிசையில் நின்ற யாரோ செருமினார்கள்.

எஞ்சினீயர் என்னை நம்பவில்லை என்று நினைக்கிறேன். குரலை உயர்த்தாமல் சொன்னார். “மினிமத்தை மறைச்சுக் கையெழுத்து வாங்கியிருந்தா அது மோசடி. இன்னைக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன். அம்மா, நீங்க சொல்லுங்கோ. இவர் சொன்னாரா, சொல்லலையா?”

ஆச்சி என்னைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு விறகு வண்டியைப் பார்ப்பதுபோல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சொன்னாக” என்றார். “எனக்குத்தான் விளங்கலை.”

சுருக்குப்பையை அவிழ்த்துப் பணத்தை எண்ணி ஜன்னல் கட்டையில் வைத்தார். நான் ரசீது எழுதிக் கொடுத்தேன்.

சென்ற மாதம் நான் சேர்த்த இருபது இணைப்பும் என் பெயரிலேயே நின்றன.

முகப்பில் ஒரு சிரிப்பு

பத்து நாள் கழித்துப் பெரிய மீட்டரைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. முகப்பில் காற்றாடியின்கீழ் மூத்தவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கணக்கப்பிள்ளை.

“வாங்க தம்பி. எங்க வீட்டுக் கணக்குப் புலிக்கே கணக்குச் சொல்லிக் குடுத்தீகளாம்ல?”

கணக்கப்பிள்ளை சிரித்தார்.

“ஊருக்கெல்லாம் வகுத்துச் சொல்றவுக, ஒரு பல்புல மாட்டிக்கிட்டாக. நெசமாவே விளங்காமத்தான் கையெழுத்துப் போட்டாகளா தம்பி?”

அவர் பரிகாசமாகத்தான் கேட்டார். ஆனாலும் கேள்வி கேள்விதான். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு அமைந்ததில்லை.

நான் சிரித்தேன். அவர்களோடு சேர்ந்து, சத்தமாகவே சிரித்தேன்.

இரண்டாங்கட்டில் அம்மி அரைபட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆரம்பித்தது. மீட்டரில் இருந்த எண்ணைத் தப்பாக எழுதிக்கொண்டு ஆபீசுக்கு வந்து, மறுநாள் திரும்பப் போய்ப் பார்த்தேன்.

பாய்

சம்பந்தப் பேச்சு நடந்த அன்று அந்தோணி அந்த வீட்டில் பியூஸ் மாற்றப் போயிருந்தார். ஆபீசுக்கு வந்ததும் என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, கேட்காமலே சொன்னார்.

“பங்காளிக எல்லாரும் உக்காந்திருக்காக சார். ஆச்சி வந்து, ‘வலையபட்டிக்காரவுக கேக்குறதுக்கு என் நகை போதும். கல்யாணச் செலவுக்கும் வழி பாத்து வச்சிருக்கேன். நான் பேசிக்கிறேன்’னாக. பெரியவர் சிரிச்சுக்கிட்டே, ‘ஒரு விளக்குக் கடுதாசியிலேயே மோசம் போயிட்டீக. சம்பந்தக் கடுதாசியில மோசம் போனா யாரு வந்து நிப்பா? நீங்க உள்ள இருங்க, நாங்க பாத்துக்கிறோம்’னாரு. சபையில ஒருத்தர் மறுத்துப் பேசலை.”

“ஆச்சி என்ன சொன்னாக?”

“எந்திரிச்சு உள்ள போயிட்டாக.”

“நடந்ததைச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா உங்க வேலை போயிருமே சார்.”

நான் தலையைக் குனிந்து எதையோ எழுதினேன்.

“இப்பப் போயிச் சொன்னாலும் ஒண்ணும் கெட்டுப்போகலை. நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு” என்றார் அந்தோணி. அதன்பிறகு அவர் என்னோடு வேலை விஷயம் தவிர வேறு பேசியதில்லை.

எட்டு நாளும் நினைத்தேன். வேலை நிரந்தர உத்தரவு வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். வந்த பிறகு போய்ச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். உத்தரவு வந்தது. அன்று சாயங்காலம் மாமா வந்து கல்யாணத்துக்கு நாள் குறித்தார். இந்த நேரத்தில் எதற்கு என்று தோன்றியது. எட்டாவது நாள் அந்தத் தெருமுனை சோடாக் கடை வரைக்கும் போனேன். ஒரு கலர் வாங்கிக் குடித்தேன். வீட்டு வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

தேனம்மைக்கும் எனக்கும் ஒரே ஆவணியில் கல்யாணம் நடந்தது. என் கல்யாணப் பந்தலுக்குக் கம்பெனி சலுகை விலையில் சீரியல் பல்பு கொடுத்தது.

தேனம்மையின் கணவர், மூத்தவரின் அந்தப் பழைய கூட்டாளிதான், மூன்றாம் மாதம் ரங்கூனுக்குக் கப்பலேறினார். கடை வேலைக்குப் போகிறவர்களுக்கு மூன்று வருஷத் தவணை அங்கே. ஒரு தரம் வந்துபோனார். அடுத்த தவணை முடியுமுன் அங்கே உடம்புக்கு முடியாமல் இறந்துபோனதாகத் தந்தி வந்தது. தேனம்மை தாயிடமே திரும்பி வந்தாள். அந்த இரண்டாங்கட்டில் இன்னோர் அரைப்புள்ளி. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுகூட இராது.

வலையபட்டிப் பையன் பின்னால் மதுரையில் சொந்தமாகக் கடை வைத்தார். மரியாதை தெரிந்த மனிதர். என் பெண்ணின் கல்யாணத்துக்கு அவர் கடையில்தான் துணி எடுத்தோம். அவரே விரித்துக் காட்டினார். என் மனைவி, “பாத்தீங்களா, எம்புட்டுப் பொறுமை” என்று என் காதில் சொன்னாள். அவளிடம் இந்தக் கதையைச் சொன்னதில்லை. அவள் போய் ஆறு வருஷமாகிறது.

பன்னிரண்டாவது மாதம்

தன்னுடைய பில் தேதியில் ஆச்சி ஒரு மாதமும் தவறவில்லை. ஆள் அனுப்பவில்லை. அவரே வந்து, வரிசையில் நின்று, என் ஜன்னலில் கட்டிவிட்டுப் போவார். “வாங்கிக்கங்க தம்பி” என்பது மட்டும்தான் பேச்சு.

முதல் பில்லுக்குப் பிறகு அந்த மீட்டர் ஓடவில்லை. அளவெடுக்கப் போனவர் மாதாமாதம் அதே எண்ணைக் கொண்டுவந்தார். எப்படியும் பத்துக்குக் கட்டத்தான் போகிறார். மூன்றை எரித்திருக்கலாம். பத்தையுமே எரித்திருக்கலாம். அவர் சீமெண்ணெய் விளக்கை ஏற்றிக்கொண்டு சமைத்தார். பல்பு சுவரில் தூசி படிந்து கிடந்தது என்று அளவெடுத்தவர் சொன்னார். எண்ணெயும் அப்போது முன்போலச் சல்லிசாக இல்லை.

பன்னிரண்டாவது மாதம் பணத்தோடு ஒரு கடிதமும் கொண்டுவந்தார். இணைப்பை எடுத்துவிடும்படி அவர் கையாலேயே எழுதியது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. நான் அதை வாங்கிக் கோப்பில் வைத்தேன். தேனம்மையின் கல்யாணம் முடிந்து ஐந்தாறு மாதமாகியிருந்தது.

“வேலை நெலைச்சிருச்சா தம்பி?”

பன்னிரண்டு மாதத்தில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி.

“நெலைச்சிருச்சு ஆச்சி.”

“கல்யாணமும் ஆயிருச்சுன்னாக.”

“ஆயிருச்சு.”

“நல்லா இருங்க” என்றார்.

எனக்கு எதிரே பார்க்க முடியவில்லை. வேகமாக ரசீதை எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்தார். போகவில்லை. தாளைத் திருப்பி ஜன்னல் கட்டையில் வைத்து, ஒரு விரலால் தொட்டுக் காட்டினார்.

“மீட்டர் வாடகையை ரெண்டு தரம் கூட்டியிருக்கீக.”

மேலிருந்து கீழே கூட்டிப் பார்த்தேன். கீழிருந்து மேலே கூட்டிப் பார்த்தேன். இரண்டு தரம்தான் கூட்டியிருந்தேன். தொகையை அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட்டு, மிச்சச் சில்லறையையும் தள்ளினேன். அவர் அதை எண்ணிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

அடுத்து நின்றவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். “என்ன தம்பி, ஆச்சி கணக்குல ஏதும் தப்பா?”

“அவுக கணக்குல இல்லங்க. தப்பு என்னுது” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தபோது ஆச்சி படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டிருந்தார்.